அமைச்சர் இறுக்கும் இறை

வினாவுதலும் விடை கூறுதலும் உலக வழக்கில் நாடோறும் நிகழ்வனவாயினும், அவற்றிற்கும் இலக்கணம் உண்டு எனக் கண்டவர் நம் முன்னோர். வினாவும் செப்பும் வழுவாமற் காக்கப்படல் வேண்டும் என்று தொல்காப்பியனார் கிளவியாக்கத்தில் விதித்தனர். 13-ஆம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் தமது நன்னூலில் வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் வகுத்தனர். இச்சூத்திரங்களைப் பாடங் கேட்குங்கால், சாத்தன் உண்டானா, பயறு உளதா என்றாற்போன்ற சிறு வாக்கியங்களே உதாரணமாக வருதலின், மாணவர் பலர் இவற்றைத் தேர்வுக்கு மட்டும் உரியனவாகக் கருதி, தேர்வு முடிந்தவுடன் மறந்து விடுகின்றனர். ஆயின், நாட்டை ஆளும் அமைச்சரை மக்களின் பிரதிநிதிகள் எதிர்நின்று வினவ, அவர் எழுந்து விடை கூறும் இடம் ஒன்று உண்டு. அதுவே பாராளுமன்றத்தின் வினா நேரம். அவ்விடத்தில் நன்னூலார் தந்த அளவுகோலைக் கொண்டு சென்று வைத்துப் பார்த்தல் பயனுடைத்து என்று எனக்குத் தோன்றியதால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

விடைக்கு நன்னூலார் இட்ட பெயர் 'இறை' என்பதாகும். அரசனுக்கும் இறை என்பதே பெயர். குடிகள் அரசனுக்குச் செலுத்தும் வரிக்கும் அதுவே பெயர். வரியை இறுத்தல், கடனை இறுத்தல், விடையை இறுத்தல் என்று ஒரே வினைச்சொல்லை நாம் மூன்றிற்கும் வழங்குகிறோம். குடிகள் அரசுக்கு இறை இறுப்பது பண்டைக்கால முறை. இறுத்த பொருள் என்னாயிற்று என்று குடிகள் கேட்க, அரசு அவர்களுக்கு இறை இறுப்பது குடியாட்சி முறை. சொல் ஒன்றாயினும், கடன்பட்டவர் மாறிவிட்டனர்.

இம்முறையின் பிறப்பு ஆங்கில நாட்டினது. 1720-இல் தென்கடல் கம்பெனி என்னும் வாணிகச் சங்கத்தின் பங்குகள் வானளாவ உயர்ந்து, பின் ஒருங்கே வீழ்ந்தன. எண்ணற்றோர் பொருளிழந்தனர். அக்கம்பெனியின் தலைமைக் காசாளராகிய ராபர்ட் நைட் என்பவர் கணக்குகளுடன் கடல்கடந்து ஓடிவிட்டார். அவர் அயல்நாட்டில் பிடிபட்டார் என்ற செய்தி பரவியது. அச்செய்தி மெய்யா என்று 1721 பிப்ரவரி 9-ஆம் நாள் பிரபுக்கள் சபையில் கூப்பர் பிரபு எழுந்து வினவினார். அரசாங்கத்தின் சார்பில் சண்டர்லண்டு பிரபு விடை கூறினார். ஏடுகளில் பதிவாகியுள்ள முதல் பாராளுமன்ற வினா இதுவே என்பர். உள்நாட்டு நிருவாகத்தில் நேர்ந்த ஊழலும் வெளிநாட்டு அரசு ஒன்றின் கையிலிருந்த கைதியும் ஆகிய இரண்டும் இவ்வொரு வினாவினுள் அடங்கியிருத்தலைக் காண்க. பின்னாளில் இம்முறை எவ்விரண்டு துறைகளில் மிகுதியும் பயன்படவிருந்ததோ அவ்விரண்டும் பிறக்கும்போதே அதனுடன் பிறந்துவிட்டன.

இந்தியாவில் இவ்வுரிமை ஒரே நாளில் வந்ததன்று. மூன்று படிகளாக வந்தது. 1892-ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில்கள் சட்டம் உறுப்பினருக்கு வினாவும் உரிமையை முதன்முதல் அளித்தது. 1893 பிப்ரவரி 16-ஆம் நாள் பிங்கா சமஸ்தானத்து மன்னர் முதல் வினாவை எழுப்பினார். அதன் பொருள் யாது? அரசாங்க உத்தியோகஸ்தர்கள் சுற்றுப்பயணஞ் செய்து முகாமிடும்போது, அவர்களுக்கு வேண்டும் பண்டங்களைக் கொடுக்க நேரும் கிராமத்துக் கடைக்காரர் படும் துன்பம் பற்றியது. பேரரசின் தலைமைச் சபையில் முதன்முதல் ஒலித்த வினா, ஒரு சிற்றூர்ச் செட்டியாரின் அரிசியையும் பருப்பையும் பற்றியதாயிருந்தது என்பதை எண்ணுந்தோறும் எனக்கு மகிழ்ச்சியுண்டாகிறது. ஆயின், அன்று ஒருவர் வினவலாம்; அமைச்சர் நிலையிலிருந்தவர் விடை கூறுவார்; அதனுடன் முடிந்தது. விடை போதாதெனினும் மேலும் வினவுதல் கூடாது. 1909-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே, வினவியவர் தம் வினாவைத் தொடர்ந்து துணை வினா எழுப்பலாம் என்றாயிற்று. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பின்னரே, எவர் வினவியதாயினும் அதன்மேல் எவ்வுறுப்பினரும் துணை வினா எழுப்பலாம் என்றாயிற்று.

இவ்வரிசையிலிருந்து நாம் ஓர் உண்மையை ஊகிக்கலாம். அந்நிய அரசாங்கம் வினாவைக் கண்டு அத்துணை அஞ்சவில்லை. துணை வினாவைக் கண்டே அஞ்சியது. எழுதியனுப்பிய வினாவிற்குக் காரியாலயத்தில் பலர் கூடி, சொற்களை நிறுத்துப் பார்த்து, விடையொன்றை எழுதிக்கொடுத்து விடலாம். அவ்விடை வாசிக்கப்பட்ட மறுகணமே எழும் இரண்டாம் வினாவிற்கோ அமைச்சர் தாமே விடை தேடல் வேண்டும்.

இன்றைய மக்களவையில் நாளின் முதல் மணி நேரமாகிய 11 முதல் 12 வரை வினாக்களுக்கு உரியது. வினாக்களை 15 நாட்களுக்குக் குறையாமல் முன்னறிவித்தல் வேண்டும். வந்த அறிவிப்புகள் மிகப் பலவாதலின் சீட்டுக் குலுக்கிப் போட்டு வரிசைப்படுத்துவர். அவற்றுள் 20 வினாக்களுக்கு உடுக்குறி இட்டு வாய்மொழி விடைக்கென ஒதுக்குவர். ஏனைய 230 வரையிலான வினாக்கள் எழுத்து மூல விடை பெறுவன. உடுக்குறி பெற்றவை பச்சைத் தாளிலும், பெறாதவை வெள்ளைத் தாளிலும் அச்சாகும். துணை வினா எழுப்பும் உரிமை பச்சைத் தாளுக்கே உண்டு. வெள்ளைத் தாளின் விடை மேசைமேல் வைக்கப்பட்டு அமைதியாய் அச்சேறிவிடும். 20 வினாக்களும் ஒரு மணி நேரத்தில் முடிவதில்லை. சிலவே அவையில் பேசப்படுகின்றன. எஞ்சியவையும் எழுத்து விடையாய் மாறிவிடுகின்றன.

வினாவின் நடைக்கும் விதிகள் உண்டு. அது பெரும்பாலும் 150 சொற்களுக்கு மேற்படலாகாது. வாதமும் வசையும் அதனுள் கலத்தலாகாது. நட்பு நாடொன்றை மரியாதைக் குறைவாகக் குறிப்பிடலாகாது. இவ்விதிகளின் பயனாக வினாக்கள் யாவும் ஒரே வார்ப்பில் வார்த்தாற்போல் அமைகின்றன. 'இன்ன துறை அமைச்சர் கூறுவாரா: இன்னது நிகழ்ந்தது உண்மைதானா, உண்மையாயின் அதன் விவரம் யாது, அரசு மேற்கொண்ட நடவடிக்கை யாது' என்பதே அவ்வார்ப்பு.

இனி, நன்னூலாரின் ஆறு வினாக்களை இவ்வார்ப்பில் இட்டுப் பார்ப்போம். 'உண்மைதானா' என்பது உருவத்தால் ஐய வினா. 'விவரம் யாது' என்பது உருவத்தால் அறியா வினா. 'இன்ன ஆற்றின்மேல் பாலம் அமைக்கும் எண்ணம் அரசுக்கு உண்டா' என்று ஓர் உறுப்பினர் கேட்பாராயின், எண்ணத்தை அறிந்துகொள்வது அவர் நோக்கமன்று, 'பாலத்தை அமை' என்பதே அதன் பொருளாதலின் அது ஏவல் வினா. ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் தம் அமைச்சரை நோக்கி, 'இத்திட்டத்தால் விளைந்த நன்மைகளை அமைச்சர் எடுத்துரைப்பாரா' என்று வினவுவது கொடை வினாவின்பாற்படும். புகழ் பெறுதற்குரிய வாய்ப்பொன்றை அவர் அமைச்சருக்குக் கொடுக்கிறார். கொளல் வினாவிற்கு உதாரணம் காட்டுதல் வெட்கத்திற்குரியது. வினாவுதற்குப் பணங் கொள்ள உடன்பட்டமை வெளிப்பட்டதனால், 2005 டிசம்பரில் மக்களவையினர் பதின்மரும் மாநிலங்களவையினர் ஒருவரும் ஆக 11 உறுப்பினர் தம் பதவியினின்றும் நீக்கப்பட்டனர். பயறு கொள்வதற்காக வணிகனை வினவுவதையே நம் உரையாசிரியர்கள் கொளல் வினா என்றார்கள். வினாவே விலைப்பொருளாகும் என்று அவர்கள் கருதியிரார்.

எஞ்சியது அறி வினா. ஆசிரியன் விடையைத் தான் அறிந்திருந்தே மாணாக்கனை வினவுவது போன்றது இது. பாராளுமன்ற வினாக்கள் வெளித்தோற்றத்தில் அறியா வினாக்களாகவோ ஐய வினாக்களாகவோ இருப்பினும், அவற்றுள் வலிமை மிக்கவை எல்லாம் அறி வினாக்களே என்பது என் துணிபு. அறியாதவன் வினவினால் அமைச்சர் சொன்னதே விடை. அறிந்தவன் வினவினாலோ சொன்ன விடை அளக்கப்படும். இதற்குச் சான்றாக முந்திரா விவகாரத்தை எடுத்துக் கொள்வோம்.

1956-இல் இந்திய அரசு, தனியார் கையிலிருந்த ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிலை நாட்டுடைமையாக்கிற்று. உள்நாட்டு, வெளிநாட்டுக் கம்பெனிகளும் சேமநிதிச் சங்கங்களுமாக 245 நிலையங்கள் ஒன்றாகி, அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் தோன்றியது. சிறுகச் சிறுகச் சேமித்த எளிய குடும்பங்களின் பணம் அரசின் பொறுப்பில் வந்து சேர்ந்தது. ஓராண்டு நிறைவதற்குள், 1957 ஜூன் மாதத்தில், ஹரிதாஸ் முந்திரா என்னும் வணிகரின் ஆறு கம்பெனிகளுடைய பங்குகளை ஏறத்தாழ 1¼ கோடி ரூபாய்க்கு அக்கார்ப்பொரேஷன் வாங்கியது. முந்திராவோ அப்போது பெரும் பண நெருக்கடியில் இருந்தவர். முதலீடுகளை ஆராய்வதற்கென அமைந்த குழுவின் ஆலோசனையைப் பெறாமலே இக்கொள்முதல் நடந்தேறியது.

செய்தி மெல்லக் கசிந்தது. 1957 செப்டம்பரில் மக்களவையில் இதனைப் பற்றி வினா எழுந்தது. கிடைத்த விடை விஷயத்தை வெளிப்படுத்துவதாயில்லை. நவம்பர் இறுதியில் மீண்டும் வினா எழுந்தது. துணை வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. நிதியமைச்சராக இருந்தவர் சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாசாரி. கூர்த்த மதியும் சொல்வன்மையும் படைத்தவர் அவர். வினவியவர்களுள் முதன்மையாக நின்றவர் ஆளுங் கட்சியாகிய காங்கிரஸைச் சேர்ந்தவரும், பிரதமர் நேருவின் மருமகனுமாகிய பெரோஸ் காந்தி. எதிர்க்கட்சியினர் வினவுவது இயல்பு. தம் கட்சி அமைச்சரை, அதிலும் தம் மாமனாரின் அமைச்சரவையில் உள்ளவரை, ஒருவர் இங்ஙனம் விடாது வினவுவது எங்கும் அரிது.

அவர் அறியாமல் வினவினாரல்லர். நிதியமைச்சருக்கும் அவருடைய தலைமைக் காரியதரிசிக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து அவர் கைக்கு எட்டியிருந்தது. அமைச்சர் இறுத்த விடை ஒவ்வொன்றும் அச்சாகிப் பதிவேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அப்பதிவை ஒரு கையிலும் தாம் பெற்ற சான்றுகளை மற்றொரு கையிலும் வைத்துக்கொண்டு, டிசம்பர் 16-ஆம் நாள் அவர் இப்பொருளைப் பற்றிய விவாதத்தைத் தொடங்கினார். முன்னைய விடைகள் பதிவாகாமல் இருந்திருப்பின் அன்றைய பேச்சிற்குப் பாதி வலிமைதான் இருந்திருக்கும். வினா நேரத்து விடை அன்றைக்கே பயன்படுவதன்று. பின்னொரு நாள் அளக்கும்பொழுது அளவு மாறாதிருப்பதற்காகவே அது எழுதி வைக்கப்படுகிறது.

அரசாங்கம் விசாரணைக்கு உடன்பட்டது. பம்பாய் உயர்நீதிமன்றத்துத் தலைமை நீதிபதி எம். சி. சக்ளா ஒருவரே கொண்ட கமிஷன் அமைந்தது. விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடைபெற்றது. கூட்டம் மிகுந்ததால் வெளியே நின்றவர்க்கும் கேட்கும்படி ஒலிபெருக்கி வைத்தனர். சில வாரங்களுக்குள் அறிக்கை வெளிவந்தது. 'காரியதரிசி செய்ததை நான் அறியேன்' என்னும் நிலையை அமைச்சர் மேற்கொண்டார். தம் காரியதரிசியின் செயலுக்கு அரசியலமைப்பு முறைப்படி அமைச்சரே முழுப் பொறுப்பாளி என்று சக்ளா முடிவு கூறினார். 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாசாரி பதவி விலகினார். அவருடைய ஆற்றல் அதனுடன் மங்கிவிடவில்லை என்பதையும் சொல்லுதல் நேர்மை. சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அமைச்சரவை புகுந்து, 1963-இல் மறுபடியும் நிதித் துறையையே ஏற்றார்.

பெரோஸ் காந்தி இவ்விஷயத்தில் செய்த மற்றொரு தொண்டு பலருக்குத் தெரியாது. அவையில் கூறப்படுவதை உண்மை வழுவாது வெளியிடும் பத்திரிகைகள் வழக்குகளுக்கு அஞ்ச வேண்டாதவாறு காப்பளிக்கும் சட்டம் ஒன்று 1956-இல் நிறைவேறியது. அதனைத் தனி உறுப்பினர் மசோதாவாகக் கொணர்ந்தவர் அவரே. அவையில் இறுத்த இறை ஊரார் செவிக்கும் எட்டுவதற்கு அச்சட்டம் வாயிலாயிற்று. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், அவருடைய மனைவியார் இந்திரா காந்தி பிரதமராய் இருந்தபோது அது நீக்கப்பட்டது. 1977-இல் மீண்டும் இயற்றப்பட்டது.

பொது நிருவாகத்தைப் பற்றிய வினாவின் வலிமை இதுவாயின், வெளிநாட்டு விவகாரத்தில் அதன் நிலை யாது? இங்கே வழி கரடுமுரடானது. வரவு செலவுக் கணக்கை மறைப்பதற்கு அமைச்சர் காரணங் காட்ட இயலாது. அயல்நாட்டுடன் நடக்கும் பேச்சை வெளியிடாமைக்கோ தக்க காரணம் இருத்தலும் கூடும். 'பொது நலனை முன்னிட்டு வெளியிடுதற்கில்லை' என்னும் விடை சில வேளைகளில் மெய்யாகவே பொது நலனைக் காப்பது. சில வேளைகளில் அமைச்சரை மட்டுமே காப்பது. இவ்விரண்டையும் வேறு பிரித்தறியும் கருவி விடையைக் கேட்டிருக்கும் உறுப்பினரிடம் இல்லை.

லடாக்கின் கிழக்குப் பகுதியாகிய அக்சாய் சின் வழியாகச் சீன அரசு ஒரு பாதை அமைத்தது. அது முடிவடைந்த செய்தி 1957-இல் வெளியாயிற்று. 1958-இல் இந்தியா அனுப்பிய படைப்பிரிவுகள் அப்பாதையை நேரிற் கண்டன. அவற்றுள் ஒன்று சீனரிடம் சிறைப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 18-ஆம் நாள் இந்திய அரசு சீனத் தூதரிடம் தன் ஆட்சேபக் குறிப்பை அளித்தது. இவ்வளவும் நிகழ்ந்தும் பாராளுமன்றத்திற்கு ஒன்றும் அறிவிக்கப்படவில்லை. வெளிநாட்டுத் துறையையும் தம்மிடமே வைத்திருந்த பிரதமர் நேரு, பேச்சுவார்த்தையினால் இதனை அமைதியாய்த் தீர்த்துவிடலாம் என்று நம்பியிருந்தார். 1959 ஆகஸ்டு 28-ஆம் நாள் மக்களவையில் உறுப்பினர்கள் வினவ, அப்பாதை இருத்தலை நேரு ஒப்புக்கொண்டார். வடகிழக்கு எல்லையில் லாங்ஜூ என்னுமிடத்தில் மோதல் நிகழ்ந்து அப்போது மூன்று நாட்களே ஆகியிருந்தன. அவையில் கொந்தளிப்பு எழுந்தது. செப்டம்பர் 7-ஆம் நாள், 1954 முதல் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட குறிப்புகளையும் கடிதங்களையும் வெள்ளை அறிக்கையாக அவர் அவைமுன் வைத்தார். அதன்பின் வந்த கடிதங்களும் தொடர்ந்து வெளியாயின.

இதில் ஆராய்தற்குரியது ஒன்றுண்டு. அவ்வெள்ளை அறிக்கைகளே பின்னர் விட்டுக்கொடுத்துப் பேசும் இடத்தைச் சுருக்கிவிட்டன என்று சரித்திர ஆசிரியர் சிலர் கருதுவர். ஒவ்வொரு கடிதமும் நாடறிய வெளிவருமாயின் இருதிறத்தாரும் தம் நாட்டு மக்களை நோக்கியே எழுதுவர் அல்லரோ? இக்கருத்தைப் புறக்கணித்தற்கில்லை. எனினும் என் மதிப்பு வேறு. 1958-இலேயே பிரதமர் தாமாக முன்வந்து கூறியிருப்பின், அவை நிதானமாய்க் கேட்டிருக்கும். பத்து மாதங்கள் கழித்து, வினாவினால் வற்புறுத்தப்பட்டு, துப்பாக்கிச் சூட்டுச் செய்தியுடன் கலந்து வெளிவந்தமையால், அதே உண்மை சினமாய் மாறிற்று. தீங்கு செய்தது வெளியீடு அன்று, அதன் காலத் தாழ்வே.

நேரு விடை கூறத் தாழ்த்தார். பொய் கூறினார் அல்லர். இவ்வேறுபாடு சிறிதன்று என்பதை, வினா நேரத்தைப் பெற்றெடுத்த ஆங்கிலப் பாராளுமன்றத்தின் நிகழ்ச்சியொன்றால் அறியலாம். 1956 அக்டோபர் 29-ஆம் நாள் இஸ்ரேல் எகிப்தின்மீது படையெடுத்தது. சண்டையிடுவோரை விலக்கிச் சூயஸ் கால்வாயைக் காப்பதாகக் கூறிக்கொண்டு பிரிட்டனும் பிரான்சும் தலையிட்டன. உண்மையில் இம்மூன்று நாடுகளின் பிரதிநிதிகளும் பாரிஸ் நகருக்கு அணித்தாகிய செவ்ரெயில் இரகசியமாய்க் கூடித் திட்டமிட்டு, அக்டோபர் 24-ஆம் நாளே உடன்படிக்கையில் கையொப்பமிட்டிருந்தனர். டிசம்பர் 20-ஆம் நாள் பொதுமக்கள் சபையில் பிரதமர் ஈடனை இதுபற்றி வினவினர். இஸ்ரேல் தாக்கும் என்பது முன்னரே தெரிந்ததில்லை என்று அவர் விடையிறுத்தார். நன்னூலார் கூறும் மறை விடை இதுவே. வடிவில் ஒரு குற்றமும் இல்லை. பொருளில் மெய்யும் இல்லை. 1957 ஜனவரி 9-ஆம் நாள் உடல்நலக் குறைவு காட்டி அவர் பதவி விலகினார். உடன்படிக்கையின் பிரதிகளை அழித்துவிட அவர் முயன்றும், இஸ்ரேல் பிரதமர் பென் குரியன் வைத்திருந்த பிரதி அழியாதிருந்து, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வெளிப்பட்டது. அறிந்தே சபையை வழி தவறச் செய்யும் அமைச்சர் பதவி விலக முன்வருதல் வேண்டும் என்று அச்சபை 1997 மார்ச்சில் தீர்மானமே இயற்றி வைத்தது. அது சூயஸ் நிகழ்ச்சியை நோக்கி எழுந்ததன்று. இராக்குக்கு ஆயுதத் தளவாடங்கள் விற்றதைப் பற்றிய விடைகளை ஆராய்ந்த ஸ்காட் அறிக்கையின் பின்விளைவு. ஆயினும் நோய் ஒன்றே.

பொய்யான விடை அரிது. மழுப்பலான விடையே எங்கும் மலிந்தது. இங்குத்தான் நன்னூலாரின் எண்வகை இறை நமக்குப் பெருந்துணையாகிறது. சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் வெளிப்படையான விடைகள். ஏவல் முதலிய ஏனைய ஐந்தும் நேர் விடைகள் அல்லவாயினும், வினவிய பொருளைக் குறிப்பால் உணர்த்துதலின் அவற்றையும் விடையாக அவர் உடன்படுகிறார். 'ஆடுவாயா' என்றவனுக்குப் 'பாடுவேன்' என்று ஒருவன் கூறினால், ஆடமாட்டான் என்பது விளங்கிவிடுகிறது. ஆதலின் அது இனமொழி விடை. 'இது செய்வாயா' என்றவனுக்கு 'நீ செய்' என்றால், தான் செய்யான் என்பது விளங்குகிறது. ஆதலின் அது ஏவல் விடை. சுற்றி வந்தாலும் பொருள் வந்து சேர்ந்துவிட வேண்டும் என்பதே அவர் இட்ட எல்லை.

அமைச்சர் விடைகள் பல இவ்வெல்லைக்கு வெளியே நிற்கின்றன. மருத்துவமனைகளில் எத்தனை படுக்கைகள் உள்ளன என்று வினவ, எத்தனை கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது என்று விடை வருமாயின், அது பார்வைக்கு இனமொழி போல் தோன்றும். ஆனால் படுக்கையின் தொகையை அதிலிருந்து எவராலும் உய்த்துணர முடியாது. காவல் துறையின் குறையொன்றைச் சுட்டி மத்திய அமைச்சரை வினவ, 'பொது ஒழுங்கு மாநிலங்களுக்குரிய பொருள்' என்று விடை வரும். இஃது ஏவல் விடையின் சாயலுடையது, 'அங்கே சென்று கேள்' என்பது கருத்தாதலின். அரசியல் சட்டப்படி அது மெய்யும் ஆகும். ஆயினும் கேட்டது வந்து சேர்ந்ததா என்றால் இல்லை. தில்லைக்கு வழி வினவியவனுக்குக் காளையின் விலையைக் கூறியதாகப் பாடஞ் சொல்வோர் காட்டும் செப்பு வழு உதாரணம் நம் எல்லோர்க்கும் நினைவிருக்கும். அதனைக் கேட்டு வகுப்பில் நாம் நகைக்கிறோம். நேர்த்தியாக அச்சிட்ட தாளில் அதுவே வரும்போது ஒருவரும் நகைப்பதில்லை.

உறுவது கூறல் என்னும் வகையைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும். இனி நிகழவிருப்பதைக் கூறி விடையிறுப்பது அது. 'ஆராய்வோம்', 'கவனிக்கப்படும்', 'விவரங்கள் திரட்டப்பட்டு வருகின்றன', 'பரிசீலனையில் உள்ளது' என்பன அமைச்சர்கள் பெரிதும் விரும்பும் விடைகள். இவற்றைக் காற்றில் விடுவதற்கில்லை என்று கண்ட மக்களவை, 1953 டிசம்பர் 1-ஆம் நாள் அரசாங்க உறுதிமொழிக் குழு என்றொரு குழுவை நிறுவியது. அமைச்சர் வாயினின்று எவ்வெச் சொற்றொடர் பிறந்தால் அது உறுதிமொழியாகக் கொள்ளப்படும் என்பதற்கு அக்குழுவினரிடம் ஒரு பட்டியலே இருக்கிறது! மேற்காட்டியவை போன்றன அதில் இடம் பெற்றுள்ளன. அவ்வாறு சொன்னவர் மூன்று மாதத்திற்குள் அதனை நிறைவேற்ற வேண்டும். இயலாதாயின் தவணை கேட்க வேண்டும். இப்பட்டியலை இயற்றியவர்கள் நன்னூலைப் படித்திருப்பார்கள் என்று கூற நான் துணியவில்லை. எனினும் சொற்களின் புறத்தோற்றத்தில் மயங்காது, அவை சொல்வோனை எதற்குக் கட்டுப்படுத்துகின்றன என்று வகுத்தமையால், அவர்களும் ஒருவாறு இலக்கணம் செய்தவர்களே ஆவர்.

எட்டு வகையுள் எதிலும் அடங்காத ஒன்பதாவது விடையும் உண்டு. முதற்பகுதிக்கு 'இல்லை' என்று கூறிவிட்டு, அதனைச் சார்ந்த அடுத்த பகுதிகளுக்கெல்லாம் 'இவ்வினா எழவில்லை' என்று முடிப்பது அது. பல இடங்களில் இது குற்றமற்ற சுருக்கமே. மகன் இல்லாதவனிடம் மகனுக்கு என்ன வயது என்று கேட்பதில் பொருளில்லை அன்றோ? ஆயினும் அது குற்றமற்றதாவதற்கு முதல் விடை உறுதியாய் இருத்தல் வேண்டும்.

2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய்த் தொற்றுக் காலத்தில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, நகரங்களில் பிழைப்புத் தேடிச் சென்றிருந்த தொழிலாளர்கள் கூட்டங் கூட்டமாய்த் தம் ஊர்களுக்குத் திரும்பினர். பலர் வழியிலே மாண்டனர். அவ்வாண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் பாராளுமன்றம் கூடியது. தொற்றைக் காரணமாகக் காட்டி அக்கூட்டத்தொடருக்கு வினா நேரம் நீக்கப்பட்டிருந்தது. வெள்ளைத் தாள் வினாக்களுக்கு மட்டும் எழுத்து விடை தருவதென்று ஏற்பாடு. இவ்வாறு நீக்குவது முதன்முறையன்று. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபின் 1975-இல் கூடிய கூட்டத்திலும் வினா நேரம் இல்லை.

அன்று தொழிலாளர் துறை அமைச்சகத்தை நோக்கி எழுந்த வினாக்களுள் ஒன்று, ஊர் திரும்பும் வழியில் இறந்த தொழிலாளர் எத்தனை பேர், அவர்தம் குடும்பத்தாருக்கு இழப்பீடு அளிக்கப்பட்டதா என்பது. அத்தகைய புள்ளிவிவரம் வைக்கப்படவில்லை என்றும், ஆதலின் இழப்பீடு பற்றிய வினா எழவில்லை என்றும் விடை வந்தது. ஊர் திரும்பியோர் தொகை ஏறத்தாழ 1 கோடியே 4 இலட்சம் என்ற கணக்கை அக்கூட்டத்தொடரில் அளித்ததும் அதே அமைச்சகந்தான். நடந்தவர்களை எண்ணினார்கள், விழுந்தவர்களை எண்ணவில்லை. மேலும், எண்ணிக்கை எடுக்கவில்லை என்பதும் இறந்தார் இல்லை என்பதும் ஒன்றாகா. முதல் விடை மகனுக்கு வயது தெரியாது என்பதாயிருக்க, இரண்டாம் விடை மகனே இல்லை என்பதுபோல் அமைந்துவிட்டது. வாய்மொழி விடையாக இருந்திருப்பின், 'எண்ணாதது யார் குற்றம்? எண்ணாமையால் இழப்பீடு இல்லையென்றாகுமா?' என்று எவரேனும் ஓர் உறுப்பினர் மறுகணமே எழுந்து வினவியிருப்பார். அவ்வாறு எழுவதற்குரிய மணி அக்கூட்டத்தொடரின் நிகழ்ச்சி நிரலில் இல்லை.

சில நாட்கள் கழித்து மாநிலங்களவையில் மற்றோர் உறுப்பினர் அதே செய்தியை வேறு வாயிலால் நாடினார். தொழிலாளர்களை ஊர் சேர்ப்பதற்காக விடப்பட்ட சிறப்பு ரயில்களில் பயணஞ் செய்யும்போது இறந்தவர் எத்தனை பேர் என்று ரயில்வே அமைச்சரை அவர் வினவினார். மாநிலக் காவல் துறையினர் தந்த விவரப்படி, செப்டம்பர் 9-ஆம் நாள் வரை 97 பேர் என்று எழுத்து மூலம் விடை வந்தது. சாலையில் இறந்தவர்கள் அத்தொகையில் அடங்கார். 2021-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டக் கூட்டத்தொடரில் வினா நேரம் மீண்டும் இடம்பெற்றது.